‘படித்த பிள்ளைக்கு எதற்கு உதவித்தொகை?’

கேள்வி: எனக்கு 29 வயது. எம்.காம். படித்திருக்கிறேன். சிறு வயதில் நடந்த விபத்தில் இடது கால் பாதிக்கப்பட்டு, ஊன்றுகோலுடன் நடக்கிறேன். சான்றிதழில் 60 விழுக்காடு என்று இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் போனில் நன்றாகப் பேசுகிறார்கள். நேரில் பார்த்ததும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்கிறார்கள். அரசுத் தேர்வுகளும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்காவது ஆகட்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனால், ‘தாலுகா ஆபீசுக்குப் போங்கள்’ என்றார்கள். அங்கே அந்தப் பிரிவு மாடியில் இருக்கிறது. தம்பியை அனுப்பினேன். ‘மனுதாரர் நேரில் வர வேண்டும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தட்டுத்தடுமாறி ஏறிப் போனால், ‘இவ்வளவு படித்த பிள்ளைக்கு எதற்கு உதவித்தொகை?’ என்று கேட்டார் ஒருவர். போதாததற்கு, அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பெயர் இருக்கிறதாம். அப்பாவோ, ‘அலைந்தது போதும், வீட்டு வாசலில் ஒரு கடை வைத்துத் தருகிறேன்’ என்கிறார். எனக்கும் வெறுத்துவிட்டது. விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென் மாவட்டம்

பதில்: விட வேண்டாம் அம்மா. ஆனால், இதுவரை அலைந்த மாதிரி இனி அலையவும் வேண்டாம்.

முதலில் அந்த மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படித்ததிலிருந்து அதுதான் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்றியாக வேண்டும் என்று அதன் 45-ஆம் பிரிவு சொல்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. லிஃப்ட் கட்டப் பணமில்லை என்றால் போகட்டும், மாற்றுத்திறனாளிகள் தேடி வருகிற பிரிவின் மேசையைக் கீழ்த்தளத்தில் போடப் பணம் வேண்டுமா? மாடியிலும் உட்கார்ந்துகொண்டு நேரில் வரச் சொல்வது அராஜகம். இனி யாராவது அப்படிச் சொன்னால் கீழேயே நின்றுகொண்டு, ‘என்னால் ஏற முடியாது, மனுவை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

வருவாய்த்துறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா? ‘போங்கள் என்றார்கள்’, ‘கேட்டார் ஒருவர்’, ‘பெயர் வேறு மாதிரி இருக்கிறதாம்’ என்று கடிதம் முழுக்க வாய்வார்த்தைதான் இருக்கிறது. நீங்கள் வேர்த்து விறுவிறுத்து மாடி ஏறியிருக்கிறீர்கள். அலுவலகக் கணக்கில் நீங்கள் இன்னும் அங்கே வரவே இல்லை.

ஒவ்வோர் எழுத்தரிடமும் தன்பதிவேடு என்று ஒன்று இருக்கும். தபாலில் வந்த காகிதத்துக்கு எண் போட்டு, பிரிவுக்கு வந்ததும் அதில் ஒரு வரி பதிவார்கள். என்ன நடவடிக்கை எடுத்தோம், யாரிடம் அறிக்கை கேட்டோம், எப்போது முடித்தோம் என்று எதிரே எழுதியாக வேண்டும். மேலதிகாரி அந்தப் பதிவேட்டைப் புரட்டும்போது முடியாத வரிகள் பல்லிளிக்கும். ‘இது ஏன் நிற்கிறது?’ என்ற கேள்வி வரும். எழுத்தருக்கு உங்களைக் கண்டு பயமில்லை, அந்தக் கேள்வியைக் கண்டுதான் பயம். ஆளைத் திருப்பி அனுப்புவது சுலபம். எண் விழுந்த காகிதத்தை அப்படி அனுப்ப முடியாது. ஏதோ ஒரு பதில் எழுதித்தான் அதை முடிக்க வேண்டும்.

ஆகவே தாலுகா ஆபீசில் கேட்ட உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். படியேற வேண்டாம், விண்ணப்ப எண்ணுடன் ஒப்புகைச் சீட்டும் கிடைக்கும். அதற்கு முன் பெயரைச் சரி செய்யுங்கள். அட்டையில் முன்னெழுத்தும் பெயரும், ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக... இதுதான் சிக்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதுதான். நமக்கு இரண்டும் ஒரே ஆள், கணினிக்கு வேறு வேறு ஆட்கள். அவசரப்பட்டு ஆதாரை மாற்றிவிடாதீர்கள். அதில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே அளவாக வைத்துக்கொண்டு, அதற்கு மாறாக இருப்பதை மட்டும் திருத்துங்கள். நாளைக்குத் தேர்வாணையத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். தனித்துவ அடையாள அட்டையின் இணையதளத்திலேயே திருத்தம் கோரலாம்.

இனி பணம். உங்களை ஏன் பந்தாடினார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்லித்தான் அனுப்பவில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நேரடியாகத் தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கை கால் பாதிப்பு என்றால், அது 75 விழுக்காட்டுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான். உங்கள் 60 அதில் வராது. தாலுகா ஆபீசில் நீங்கள் கேட்கப் போனது வருவாய்த்துறை வழியாக வரும் ஓய்வூதியம், அது வேறு. அது 1,000 ரூபாயாக இருந்து, 2023 ஜனவரியிலிருந்து 1,500 ஆனது. அதைப் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். இந்த இரண்டு வரியைச் சொல்ல நல அலுவலகத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உங்களிடம் யாருமே சொல்லாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தரும் வேலையில்லாதோர் உதவித்தொகை. மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்தாம் வகுப்பு என்றால் மாதம் 600, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் 750, பட்டம் பெற்றிருந்தால் 1,000 ரூபாய். மற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகள்தான். உங்களுக்குப் பத்து ஆண்டுகள் வரை. குடும்ப வருமான வரம்பும் உங்களுக்குக் கிடையாது. கவனித்தீர்களா, படிக்கப் படிக்கத் தொகை கூடுகிறது! ‘படித்த பிள்ளைக்கு எதற்கு?’ என்று கேட்டவருக்கு அரசாங்கமே எழுதி வைத்த பதில் இது. பதிவு செய்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். கல்லூரி முடித்த கையோடு பதிந்துவிட்டு மறந்து போனவர்கள் ஏராளம். இன்றே பதிவட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேறு அரசு உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை என்று அதில் உறுதிமொழி தர வேண்டும். ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்காதீர்கள், பின்னால் பிடிப்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வீட்டை, நிலத்தைத் தோண்டித் துருவ மாட்டார்கள் என்பதால் முதலில் இந்த ஆயிரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் கிடைத்துவிட்டால் எழுதிக் கொடுத்து இதை நிறுத்திவிடலாம். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான், தெரியும். ஆனாலும் தேர்வுப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் அப்பாவிடம் கையேந்தாமல் இருக்கலாம்.

ஓய்வூதிய மனுவை மறுத்தால் மறுக்கட்டும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘படித்திருக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவருக்கும் துணிச்சல் வராது. பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்து மனு கொடுங்கள், அல்லது முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி: ‘இந்த எண்ணுள்ள என் மனு இன்று யாருடைய மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?’ முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பதிலுக்கு முன்னால் மனு நகர்ந்துவிடும்.

வேலை விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட நான் தயாரில்லை. அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடு என்று கேட்கப் பெரிதாக இருக்கும். அதில் கை கால் பாதிப்புள்ளவர்களின் பிரிவுக்கு ஒன்றுதான். நூறு இடத்துக்கு ஓர் இடம். ஆனால் அந்த இடம் நிரம்பாவிட்டால் பொதுவில் கரைத்துவிடக் கூடாது, அடுத்த தேர்வு ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மேலே சொன்ன அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் மாவட்டத்துத் துறைகளில் இப்படி எத்தனை பின்னடைவுப் பணியிடங்கள் கிடக்கின்றன என்று தகவல் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கத் தோழர்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. தேர்வு அறிவிக்கை வந்தால், எந்தப் பதவி எந்த வகைப் பாதிப்புக்கு உகந்தது என்று காட்டும் இணைப்பை முதலில் படியுங்கள்.

தனியார் நிறுவனங்களுக்கு அந்த ஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பவரை நீதிமன்றத்துக்கு இழுக்கிற பிடி நம்மிடம் பலமாக இல்லை. விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ‘ஊன்றுகோலுடன் நடக்கிறேன்; உட்கார்ந்து செய்யும் கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.’ இதைப் பார்த்தே ஒதுக்குபவர்கள் இருப்பார்கள்தான். ஒதுக்கட்டும். உங்கள் பஸ் காசு மிச்சம். இதைப் படித்த பிறகும் கூப்பிடுகிறவரிடம் பேசுவது வேறு மாதிரி இருக்கும். எம்.காம். முடித்த உங்களுக்கு டேலியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலும் கைவந்தால், ஆடிட்டர் அலுவலகங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஜி.எஸ்.டி. தாக்கலுக்குக் கெடுவான 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கும்போது அங்கே ஆள் போதாமல் திண்டாடுவார்கள். அந்த வாரத்தில் போய், ‘இந்த மாதத் தாக்கலுக்கு மட்டும் வந்து செய்து தருகிறேன்’ என்று கேளுங்கள். வேலையைப் பார்த்தவர் காலைப் பார்க்க மாட்டார்.

கடை விஷயம். அப்பா பாசத்தில்தான் சொல்கிறார். கடை நடத்த உங்களுக்கு ஆசை இருந்தால் வையுங்கள், வியாபாரம் ஒன்றும் குறைந்த தொழில் இல்லை. ஆனால் மகள் அலைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதற்காக வைக்கிற கடையில் நீங்கள் உட்கார வேண்டாம். அவரிடம், ‘இன்னும் இரண்டு ஆண்டு தாருங்கள் அப்பா’ என்று தேதி வைத்துக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வாணையம் வயது வரம்பில் பத்து ஆண்டுகள்வரை சலுகை தருகிறது, தேர்வுக் கட்டணமும் கிடையாது. 29 வயதில் அந்தக் கணக்கை மூடச் சொல்ல யாருக்கும் அவசரம் இல்லை என்பதை அவருக்கு அறிவிக்கையிலேயே காட்டுங்கள்.