10 லட்சம் ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கி வைத்தால் அது முதலீடா?

கேள்வி கேட்டவர் கையில் 10 லட்சம் வைத்திருக்கிறார். தங்கம், நிலம் என்று போகாமல் ரோலக்ஸ் மாதிரி ஒரு வாட்ச் வாங்கி, ஐந்தாறு வருஷம் கழித்து விற்றால் லாபம் வருமா, எதை வாங்கலாம் என்று கேட்கிறார்.

வாட்ச் பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்குங்கள். பணம் பெருகும் என்று வாங்கினால் என் கதைதான் ஆகும்.

2019-ல் ஒரு ஷோரூமில் 2,85,000 ரூபாய் கொடுத்து சுவிஸ் ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், வாட்ச் மேல் குறையே இல்லை. இன்றைக்கும் நாளுக்கு நாலு வினாடிக்கு மேல் தப்பாது. "இதெல்லாம் அசெட் சார்" என்றார் விற்றவர். 2023-ல் வீட்டு வேலைக்குப் பணம் போதவில்லை. சரி, அசெட்தான் இருக்கிறதே என்று பழைய வாட்ச் வாங்கி விற்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன்.

வாட்ச்சைக் கையில் வாங்கும் முன்பே அவர் கேட்டது, "பாக்ஸ், வாரண்டி கார்டு இருக்கா?" பாக்ஸ் இருந்தது. கார்டு வீடு மாற்றும்போது எங்கோ போய்விட்டது. அப்புறம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டார். டயலைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ பட்டை மாட்டுகிற அந்த நாலு கால்களின் விளிம்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாலிஷ் போட்டிருக்கீங்க."

போட்டிருந்தேன். சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் "புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்" என்றார்கள், நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கீறலோடு சேர்ந்து உலோகமும் தேய்ந்து, கூராக இருக்க வேண்டிய விளிம்பு பாதி கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். 1,30,000 தருகிறேன் என்றார். விற்காமல் வந்துவிட்டேன். இதை டைப் செய்யும்போதும் அதுதான் கையில் இருக்கிறது.

தங்கத்தில் செய்கூலி சேதாரம் போனாலும் மிச்சத்தை உரசிப் பார்த்து விலை சொல்லிவிடலாம், எந்த ஊரிலும் வாங்க ஆள் உண்டு. ஸ்டீல் வாட்ச்சை எடைக்குப் போட்டால் ஒரு டீக்குத் தேறாது. அடுத்தவன் அதன் மேல் வைத்திருக்கிற ஆசைதான் அதன் விலை முழுவதும். அந்த ஆசைக்குக் கார்டு வேண்டும், கூரான விளிம்பு வேண்டும், இந்த வருஷம் அந்த மாடல் ஃபேஷனில் இருக்க வேண்டும்.

"ஆனால் சில வாட்ச்சுகள் ஏறியிருக்கிறதே?" ஏறியிருக்கிறது. பட்டெக் ஃபிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் நாட்டிலஸ் 5711 ஸ்டீல் வாட்ச்சைப் பாருங்கள். அதை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி 2021 தொடக்கத்தில் வந்தது. அப்போது பட்டியல் விலை சுமார் 35,000 டாலர். வெளிச்சந்தையில் அது லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. அதே வருஷம் டிசம்பரில் டிஃபனி என்ற நகைக் கம்பெனியின் நீல நிற டயல் போட்ட அதே மாடல் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது அறக்கட்டளைக்காக விட்ட ஏலம், அதை வைத்து மற்ற வாட்ச்சுக்குக் கணக்குப் போடக் கூடாது. ஆனால் எல்லோரும் போட்டார்கள். பங்குச் சந்தையிலும் கிரிப்டோவிலும் சம்பாதித்த பணமெல்லாம் வாட்ச் பக்கம் ஓடிவந்தது. 2022 முதல் சில மாதங்களில் உச்சம். வட்டி ஏற, கிரிப்டோ சரிய, வாட்ச்சும் கூடவே சரிந்தது.

இதில் பட்டியல் விலைக்கு வாங்கியவர் சரிவுக்குப் பிறகும் லாபத்தில்தான் இருந்தார். உச்சத்தில் வெளியே வாங்கியவர் மாட்டிக்கொண்டார். வாட்ச் ஒன்றுதான், உள்ளே நுழைந்த விலைதான் வேறு. நீங்களும் நானும் ஷோரூமுக்குப் போனால் ஏறுகிற மாடல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்காது. பெயர் எழுதி வைக்கச் சொல்வார்கள். வருஷக்கணக்காக அங்கேயே மற்றதையும் வாங்கிய பெரிய கஸ்டமருக்கு அது போகும். நமக்கு உடனே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் விலை இறங்குகிற மாடல்.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் 1.77 கோடி டாலருக்குப் போனதை உதாரணம் காட்டுவார்கள். அந்த மாதிரி டயல் போட்ட வாட்ச் 1960-களில் கடைகளில் விலை போகாமல் கிடந்தது. நியூமனுடையது அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது, பின்பக்கம் 'பார்த்து ஓட்டு' என்கிற பொருளில் பொறித்திருந்தது. கொடுத்த பணம் அந்த நடிகரின் மணிக்கட்டுக்கு. எந்த டயல் ஐம்பது வருஷம் கழித்து இப்படி ஆகும் என்று அன்றைக்குக் கடை வைத்திருந்தவருக்கே தெரியவில்லை.

போலி விஷயம் தனி. 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 1957-ம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023-ல் பார்த்தால், அது பல பழைய வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது. முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு இருந்ததாகக் கம்பெனியே சொன்னது. செய்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ பார்த்து வாங்குகிறவர் நிலையை யோசியுங்கள். நம்ம ஊர் எச்எம்டியில்கூட இது உண்டு. தொழிற்சாலை மூடிய பிறகு பழைய வாட்ச்சின் உள்மிஷின் மேல் பளபள டயல் ஒட்டி, கம்பெனி கனவிலும் போடாத நிறங்களில் ஆன்லைனில் விற்கிறார்கள்.

வரிக்கு வருகிறேன். புது வாட்ச்சில் 18% ஜிஎஸ்டி. விற்கும்போது அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் 2025 ஏப்ரல் 22 முதல் கடைக்காரர் 1% டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கிறார். அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், ஆனால் வாங்கியது உங்கள் பான் எண்ணில் பதிவாகும். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா போட்டு, 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்ச் மேல் உள்ள இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. புதிதாக வருவது மலிவானால், இன்றைக்கு முழு வரியோடு வாங்கியதை நாளைக்கு யார் அதே விலைக்குக் கேட்பார்கள்? இதற்கு நடுவில் சில வருஷத்துக்கு ஒரு சர்வீஸ், அதுவும் ஆயிரங்களில்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவேன் என்றால், புதியதைவிட மூன்று நாலு வருஷம் பழையதைப் பாருங்கள். முதல் ஆள் நஷ்டத்தைச் சுமந்திருப்பார். பாக்ஸ், கார்டு, பில் மூன்றும் இருந்தால் மட்டும் பேசுங்கள். சர்வீஸ் சீட்டில் 'பாலிஷ் வேண்டாம்' என்று உங்கள் கையால் எழுதுங்கள். 10 லட்சத்தில் இரண்டைப் போட்டுவிட்டு எட்டை வேறு எங்காவது வையுங்கள்.

பின்குறிப்பு: என் வாரண்டி கார்டு போன மாதம் கேஸ் சிலிண்டர் புத்தக உறைக்குள் கிடைத்தது. அந்த ஆளுக்கே போன் போட்டேன். "கார்டு இருந்தா ஒரு பதினஞ்சாயிரம் சேர்த்துப் போடலாம் சார், ஆனா அந்த மாடல் இப்போ யாரும் கேக்கறதில்லை" என்றார்.