கணினி கேள்வி–பதில்: விண்டோஸ் 10-ஐ விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறோம். கடையில் டாலி ஓடுகிற கம்ப்யூட்டர் ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. “இதற்கு இனி அப்டேட் வராது, 11 ஏறாது, புது சிஸ்டம் வாங்கிவிடுங்கள்” என்கிறார் சர்வீஸ் செய்பவர். வாங்கியே ஆக வேண்டுமா?
— மார்த்தாண்டம் வாசகர்

பதில்: அவர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. அதனால் மெஷின் நின்றுவிடாது. டாலி திறக்கும், பில் அடிக்கும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற மாதாந்திர அப்டேட்தான் வராது.

அந்த அப்டேட்டை இன்னும் கொஞ்ச காலத்துக்கு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. உங்களுடையது விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல்’ என்று ஓர் இணைப்பு தெரியும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. இல்லையென்றால் ஒருமுறை 30 டாலர் கட்ட வேண்டும்.

அடுத்து, 11 ஏறுமா என்பது. ‘ஐ3’, ‘ஐ5’ என்ற பெயரை வைத்து இதைச் சொல்ல முடியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ‘அபவுட்’ போய் பிராசஸரின் முழுப் பெயரைப் பாருங்கள். கோடுக்குப் பிறகு வருகிற எண்தான் தலைமுறை: 6100 என்றால் 6-ம் தலைமுறை, 8100 என்றால் 8, 10100 என்றால் 10. இன்டெலில் 8-ம் தலைமுறைக்குக் கீழே ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர விண்டோஸ் 11-க்கு அனுமதி இல்லை. செகண்ட்ஹேண்டில் “ஐ5 சார், நல்ல கண்டிஷன்” என்று வருகிற பல ஆபீஸ் மெஷின்கள் 3, 4-ம் தலைமுறையாக இருப்பதையும் இதே வழியில் கண்டுபிடித்துவிடலாம்.

தடையைத் தாண்டி 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஏறும். ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு அந்த மெஷினுக்குத் தானாக வராது, கையால்தான் போட வேண்டும்; மைக்ரோசாப்டும் பொறுப்பேற்காது. விளையாட்டுக்கு வைத்திருக்கிற மெஷினில் செய்து பாருங்கள், கணக்கு ஓடுகிற மெஷினில் வேண்டாம். டாலி விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது என்பதால், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் உங்களுக்கு விடை இல்லை.

எனவே இப்போதைக்கு நீட்டிப்பில் சேருங்கள். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்குப் பதில் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான டிஸ்க்), கூட ஒரு 4 ஜிபி ராமும் போடுங்கள். “மெஷின் இழுக்கிறது” என்ற புகாரில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி நாளை புது மெஷினிலும் மாட்டலாம்.

புது மெஷின் வாங்கும் நாளில் ஒன்றை மறக்க வேண்டாம்: பழையதை அணைப்பதற்கு முன்பே டாலியின் லைசென்ஸ் பகுதிக்குப் போய் ‘சரண்டர்’ (லைசென்ஸைத் திருப்பி ஒப்படைப்பது) கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் ஃபார்மட் அடித்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யப் போனால், லைசென்ஸ் வேறு மெஷினில் இருக்கிறது என்று நிற்கும். டேட்டா ஃபோல்டருக்குள் ஐந்து அல்லது ஆறு இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. அவற்றை அப்படியே பென் டிரைவில் நகல் எடுங்கள்.

கேள்வி: என்னுடையது 8-ம் தலைமுறை ஐ5. ஆனாலும் “இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது” என்றே காட்டுகிறது.
— தக்கலை வாசகி

பதில்: பெரும்பாலும் இரண்டு சுவிட்சுகளில் ஒன்று அணைந்திருக்கும். பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியை இயக்குங்கள், இன்டெல் போர்டுகளில் அதற்கு ‘பிடிடி’ என்று பெயர், ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’.

மற்றது பயாஸ் மோடு. ஸ்டார்ட்டில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து, அந்த வரியில் ‘லெகசி’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பகுப்பு அமைப்பிலிருந்து ஜிபிடி என்ற புதியதற்கு மாற்ற வேண்டும். அதற்கான ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது; பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். டேட்டாவை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, முதலில் இந்த மாற்றத்தை முடியுங்கள். அதற்குப் பிறகுதான் பயாஸில் லெகசியை யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் “பூட் டிவைஸ் இல்லை” என்று கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், லெகசிக்குத் திருப்பினால் பழையபடி எழும்.

கேள்வி: நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் அடிக்கும் டிடிபி சென்டர். பாமினி எழுத்துருவில் பத்து வருட ஃபைல்கள் இருக்கின்றன. 11-க்கு மாறினால் எழுத்தெல்லாம் குழம்பிவிடும் என்கிறார்கள். லினக்ஸ் என்றால்?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: எழுத்துரு குழப்பத்துக்கும் ஓ.எஸ்.ஸுக்கும் சம்பந்தம் இல்லை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அது இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை; விண்டோஸ் 7-லும் அப்படித்தான், 11-லும் அப்படித்தான், லினக்ஸிலும் அப்படித்தான். பழைய மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து நீங்கள் பயன்படுத்துகிற எல்லா எழுத்துருக்களையும் நகல் எடுத்து வைத்தால் அந்தக் கவலை முடிந்தது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வரும். ‘அபவுட்’ பக்கத்தில் சிஸ்டம் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். பழைய டிடிபி மெஷின்கள் பலவும் 32 பிட்டில் இருக்கும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது; எனவே மேலேயே அப்கிரேட் செய்ய முடியாது, புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு 16 பிட் காலத்து நிறுவல் சிடிகள் எதுவும் ஓடாது. யுஎஸ்பியில் பூட்டுச் சாவி செருகினால் மட்டும் திறக்கிற தமிழ் மென்பொருள் என்றால், அந்தச் சாவிக்கு 64 பிட் டிரைவர் வேண்டும். டிரைவர் இருந்தும் ஏறவில்லையா? விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பழைய டிரைவரைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். அதை அணைத்தால் வேலை செய்யும், பாதுகாப்பு ஒரு படி குறையும்.

பிரிண்டரையும் பார்த்துவிடுங்கள். கேனான் எல்பிபி 2900 விண்டோஸில் பிரச்சினை தருவதில்லை. லினக்ஸில் அதற்கான கேப்ட் டிரைவரை ஏற்றுவது பெரிய பாடு. எச்பி லேசர்ஜெட் 1020-க்கு லினக்ஸில் ‘எச்பிலிப்’ என்ற டிரைவர் தொகுப்பு உண்டு. கூடவே எச்பியின் பிளகினையும் இறக்கினால்தான் அச்சடிக்கும்.

என் யோசனை: பழைய மெஷினை நெட் கேபிளைக் கழற்றி அப்படியே வைத்திருங்கள், பழைய ஃபைல்களைத் திருத்துவதற்கு மட்டும். புது வேலையை விண்டோஸ் 11 மெஷினில் யூனிகோடில் (எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியீடு) தொடங்குங்கள். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. பாமினி விரல்களுக்கு முதல் இரண்டு வாரம் சிரமம்தான்.

கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கம் உறவினர் பிள்ளைகள் பள்ளியில் லினக்ஸ்தான் படிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது, 4 ஜிபி ராம். அதையே போடலாமா?
— கொல்லங்கோடு வாசகி

பதில்: தாராளமாக. கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப அமைப்பு தருவது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட தொகுப்பு, அவர்கள் பாடத்திட்டத்துக்காகச் செய்தது. உங்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பு போதும். 2 ஜிபியிலேயே எழும், 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும். ஜியோஜீப்ரா, ஜிம்ப் எல்லாம் சாஃப்ட்வேர் மேனேஜரில் காசில்லாமல் கிடைக்கும். மின்ட்டின் 22-ம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

உடனே ஏற்றிவிடாதீர்கள். ஒரு 8 ஜிபி பென் டிரைவில் ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருள் மூலம் மின்ட்டை எழுதுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழியும். லேப்டாப்பை அணைத்து, டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும், டிஸ்க்கைத் தொடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படியே ஓட்டுங்கள். வைஃபை, சத்தம், கேமரா, தமிழ் விசைப்பலகை எல்லாம் சரியா? மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா? வைஃபை தெரியவில்லை என்றால் செல்போனை கேபிளில் மாட்டி ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். டிஸ்க்கில் ஏற்றிய பிறகு அதே வழியில் நெட் கொடுத்து ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால் பெரும்பாலும் டிரைவர் கிடைத்துவிடும்.

விண்டோஸும் பக்கத்தில் இருக்கட்டும் என்றால், முதலில் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணையுங்கள். அணைக்காவிட்டால் அது பாதித் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸால் அந்த பார்ட்டிஷனில் எழுத முடியாது. நிறுவும்போது ‘பக்கத்தில் நிறுவு’ என்ற தேர்வை எடுத்து 40 ஜிபியாவது கொடுங்கள். ‘டிஸ்க்கை அழி’ என்பதும் அதே திரையில்தான் இருக்கும், பார்த்து அழுத்துங்கள். பிறகு சில மெஷின்களில் விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். பேட்டரி போகவில்லை. லினக்ஸ் கிரீன்விச் நேரத்தைச் சேமிக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்தைச் சேமிக்கும்படி ஒருமுறை மாற்றிவிட்டால் சரியாகும்.

கேள்வி: பயாஸில் ஏதோ மாற்றினோம். இப்போது நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது.
— தோவாளை வாசகர்

பதில்: அது வைரஸ் அல்ல, பிட்லாக்கர்; டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. டிபிஎம், செக்யூர் பூட் இரண்டில் எதைத் தொட்டாலும் “வேறு ஆள் திறக்கிறாரோ” என்று சந்தேகப்படும். செல்போனிலேயே உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குக்குள் போய் ‘ரிகவரி கீ’ பகுதியைத் திறங்கள். திரையில் தெரிகிற கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் எதனோடு பொருந்துகிறதோ அந்தச் சாவிதான். முதலில் ஆன் செய்து கொடுத்த கடைக்காரரின் கணக்கில் அது கிடக்கவும் வாய்ப்புண்டு, அவரிடம் கேளுங்கள். சாவி கிடைக்காமல், பயாஸில் செய்த மாற்றத்தைப் பழையபடி திருப்பியும் திறக்கவில்லை என்றால் டேட்டா போனதுதான். ஃபார்மட் அடித்து மெஷினை மட்டும் மீட்கலாம்.

கேள்வி: பொதுச் சேவை மையம் நடத்துகிறேன். லினக்ஸுக்கு மாறலாமா?
— குளச்சல் வாசகர்

பதில்: வேண்டாம். ஆதார் சரிபார்ப்புக்குக் கைரேகைக் கருவியை இணைக்கும் மென்பொருளான ‘ஆர்டி சர்வீஸ்’ பொதுவாக விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. 11-க்குப் போவதற்கு முன்பும் உங்கள் கருவி எல்1 வகையா (கைரேகைத் தகவலைக் கருவிக்குள்ளேயே பூட்டி அனுப்புவது), அதன் டிரைவர் 11-க்கு இருக்கிறதா என்று அதன் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள்.

கேள்வி: 11 போட்டேன், பிடிக்கவில்லை. திரும்ப முடியுமா?
— திங்கள்நகர் வாசகி

பதில்: பத்து நாளுக்குள் என்றால் முடியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, ‘கோ பேக்’. இடம் போதவில்லை என்று ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ ஃபோல்டரை அழித்திருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. திரும்பும்போது நடுவில் கரண்ட் போனால் இரண்டுமே எழாமல் போகலாம். லேப்டாப் என்றால் சார்ஜரோடு, டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது செய்யுங்கள். ஐப்பசி மழையில் இடி கேட்கிற சாயங்காலம் தொடங்க வேண்டாம்.