பொம்மையிடம் பயன் கேட்பது

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு குடும்பப் படம் பார்த்தோம். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் பொம்மை ஆலை நடத்திய ஏ.சி. கில்பர்ட்டைப் பற்றி 2002இல் தொலைக்காட்சிக்காக எடுத்த படம். போரைக் காரணம் காட்டிக் கிறிஸ்துமஸ் பொம்மைகளை நிறுத்த நினைத்த அரசாங்கத்தை அவர் மனம் மாற்றினார் என்கிறது கதை. இது எவ்வளவு உண்மை? சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இப்படி ஏதும் நடந்ததுண்டா? கிறிஸ்துமஸ் படத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று என் மாமியாரும் கேட்டார்.

தொழில்முனைப்பும் பொறியியல் ஆர்வமும் வளர்க்கும் என்பதால் படம் எனக்குப் பயனுள்ளதாகப் பட்டது. மறுநாளே பத்து வயது மகனுக்கு ஓர் உலோகக் கட்டுமானப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அவனோ பாலம் எதுவும் கட்டாமல், போல்ட்டு நட்டுகளைக் கூறுகட்டித் தங்கையோடு மளிகைக் கடை வைத்து விளையாடுகிறான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் தரலாம் என்று பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.

வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் ஐயத்தில் நேரம் செலவிட வேண்டாம். டிசம்பரில் ஆர்ச்சர்ட் சாலை விளக்குகளைப் பார்க்க எல்லா மதத்தவரும் குடும்பத்தோடு கிளம்பும் ஊர் இது.

படத்தின் அடித்தளம் உண்மையானதே. கில்பர்ட் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கப் பதக்கத்தைச் சக அமெரிக்கர் ஒருவருடன் பகிர்ந்துகொண்டவர். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, நோயாளிகளைப் பார்க்கப் போகாமல் மாயவித்தைப் பெட்டிகள் விற்றவர். ரயில் பாதையை மின்மயமாக்குவதற்காக நட்டிருந்த எஃகுச் சட்டங்களைப் பார்த்தபோது எழுந்த யோசனையில், துளையிட்ட சிறு உத்திரங்களைப் போல்ட்டு நட்டால் முடுக்கிக் கட்டும் எரெக்டர் செட்டை 1913இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1918இல் அமெரிக்க அமைச்சர்கள் அடங்கிய தேசியப் பாதுகாப்பு மன்றம் கிறிஸ்துமஸ் பொம்மைகளுக்குத் தடை விதிப்பது பற்றி ஆலோசித்தபோது, பொம்மை உற்பத்தியாளர் சங்கத்தின் சார்பில் அவரே வாஷிங்டனுக்குப் போனார், பொம்மைகளையும் எடுத்துக்கொண்டு. அவர் பேசி முடித்ததும் அமைச்சர்கள் அந்தப் பொம்மைகளை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள் என்பார்கள். தடை யோசனை கைவிடப்பட்டது. பாஸ்டன் நாளிதழ் ஒன்று அவரைக் கிறிஸ்துமஸைக் காப்பாற்றியவர் என்று கொண்டாடியது.

நான் நெடுநாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த அறையில் அவர் எந்த வாதத்தை வைத்தார் என்பதைப் பாருங்கள். அமெரிக்கப் பையன் உண்மையாகவே சுடும் துப்பாக்கியை விரும்புகிறான், அதனால் அவன் கையால் தூக்க முடிகிற வயதிலிருந்தே காற்றுத் துப்பாக்கி கொடுத்து வந்திருக்கிறோம், பிரான்ஸ் போர்க்களத்தில் நம் வீரர்கள் குறி தவறாமல் சுடுவதற்குச் சிறுவயதில் அவர்களுக்குக் கிடைத்த அந்தப் பொம்மைகளே காரணம் என்றார். பிள்ளைகளுக்கு ஒரு நாள் சந்தோஷம் வேண்டும் என்பதற்காக மட்டும் கிறிஸ்துமஸ் பிழைக்கவில்லை. நாளைய சிப்பாய்க்குப் பயிற்சி வேண்டும் என்பதற்காகவும் அது பிழைத்தது.

போர் நடத்தும் அமைச்சர்களின் முன்னால் நிற்பவர் அவர்களுக்குப் புரிகிற கணக்கில்தான் பேச முடியும் என்பதை நான் அறிவேன். அந்த நெருக்கடிக்காக அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் விளையாட்டுக்குப் பயன் என்றொரு காவலனை ஒரு தடவை நியமித்துவிட்டால், பிறகு அவன்தான் வீட்டுக்கு எஜமான். அந்தப் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் கில்பர்ட்டின் நிறுவனம் அதே வழியில் நடந்தது. 1950இல் சிறுவர்களுக்கென்று அது விற்பனைக்கு விட்ட அணுசக்தி ஆய்வகப் பெட்டியில் கதிர்வீச்சை அளக்கும் கைகர் எண்ணியும் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேகக் கூடமும் உண்மையான யுரேனியத் தாதுத் துண்டுகளும் இருந்தன. விலை 49.50 டாலர், அதிக நாள் விற்கவில்லை. நாட்டுக்கு அணு விஞ்ஞானிகள் தேவைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளின் கையில் யுரேனியம் கொடுக்கப்பட்டது. நாட்டுக்கு இன்று நிரலாளர்கள் தேவை, உங்கள் மகனுக்கு நீங்கள் என்ன வாங்கித் தருவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது, அதுவும் இந்தப் படத்தில் உள்ளதைவிடப் பெரிதாக. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு, ஐரோப்பியக் குடிமக்கள் தம் பிள்ளைகளோடு சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அறுநூறு பேருக்காகக் கட்டிய சிறை, அதைப்போல் பல மடங்கு மனிதர்களை அடக்கி வைத்திருந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, பக்கத்து முகாமிலிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள், தாங்களே அரை வயிற்றுக் கஞ்சியில் இருந்தவர்கள், கையில் அகப்பட்ட கழிவுப் பொருள்களைக்கொண்டு அந்தப் பிள்ளைகளுக்காகப் பொம்மைகள் செய்தார்கள். மரமும் உளியும் பிடிக்கத் தெரியாத ஒருவர் ஒரு கதை எழுதினார், இன்னொருவர் படம் வரைந்தார். அந்தக் கதையில் வரும் பல்லிக்கு வின்ஸ்டன் என்று பெயர். சர்ச்சிலின் பெயராயிற்றே என்று ஜப்பானிய அதிகாரிகள் சந்தேகப்பட்டதால், புத்தகத்தை அழிக்காமல் காப்பாற்ற மண்ணில் புதைத்தார்கள். போர் முடிந்தபின் தோண்டி எடுத்து அச்சிட்டார்கள். எந்த மன்றமும் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை, அவர்களும் யாருக்கும் வாதம் வைக்கவில்லை. தம் பிள்ளைகளாகக்கூட இல்லாத சில சிறுவர்கள் ஒரு நாள் விளையாட வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பொம்மைகளுக்கு வேறு நோக்கமே கிடையாது. இதைப் படமாக எடுங்கள் என்று நான் மேடைகளில் கேட்டு வருகிறேன், இங்கும் கேட்கிறேன்.

சிறைக்கு வெளியே இருந்த நம்மவர்களின் கதையில் பொம்மைக்கு இடமே இல்லை என்று நினைக்கிறோம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஜப்பானியரின் சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட காலம், மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த காலம் என்பதால் அப்படித் தோன்றுகிறது. என் அப்பா அப்போது செம்பவாங்கில் சிறுவர். சாடின் மீன் டின்னை நசுக்கி லாரி செய்ததையும், சோடா மூடிகள் அதன் சக்கரங்களானதையும் அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டு வெறும் காகிதமானது. தாத்தா சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதில்தான் இருந்தது. அந்தக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அப்பாவும் அத்தையும் வாசலில் கடை வைத்தார்கள். பாட்டி அழுதுகொண்டே அடிக்க ஓடிவந்தாராம். தாத்தா அவரைத் தடுத்துவிட்டு, கடை முன்னால் குந்தி, "முதலாளி, அரிசி என்ன விலை?" என்று கேட்டு, ஆயிரம் வெள்ளிக்கு ஒரு கைப்பிடி மணல் வாங்கிக்கொண்டு போனாராம். என் தாத்தாவைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டவற்றில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இனி உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டும். பத்து வயதுப் பையன் போல்ட்டு நட்டைக் கூறுகட்டி வைத்து, விலை சொல்லி, தங்கையைப் பேரம் பேசவும் விட்டிருக்கிறான். அவனிடமிருந்து பெட்டியைப் பிடுங்கி இரண்டு ஆண்டு கழித்துத் தருவதாகச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பன்னிரண்டு வயதில் அவனுக்கு அந்தக் கடை தேவைப்படாது. தங்கையும் வாடிக்கையாளராக வரமாட்டாள். துணைப்பாட வகுப்பு, நீச்சல், நிரலாக்கம் என்று அவனுடைய வாரம் முழுவதையும் நீங்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எஞ்சிய அரை மணி நேரத்திலும் பாலம் கட்டு என்பது கொடுமை. கடை விளையாட்டில் கணக்கு வருமே என்று சொல்லி நான் உங்களைச் சமாதானப்படுத்தலாம். சொல்லமாட்டேன். அதுவும் வாஷிங்டனில் வைக்கப்பட்ட அதே வாதம்தான்.

பெட்டியை இன்று மாலையே அவனிடம் கொடுத்துவிடுங்கள். படத்தை மறுபடி பார்ப்பதென்றால், கில்பர்ட் அமைச்சர்கள் முன் பேசும் இடத்தில் நிறுத்தி, காற்றுத் துப்பாக்கியைப் பற்றி அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். சாங்கியில் பொம்மை செய்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் கருத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஆவல்.

அன்புடன்.