யார் கொடுத்த பொட்டலமும் வேண்டாம்

அடுத்த மாதம் செஷல்ஸில் வேலைக்குச் சேரப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: அங்கே கஞ்சாவுக்கு அனுமதி உண்டா, கடற்கரையில் எல்லோரும் இழுப்பார்களாமே, வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி? வாடகையைக் கம்பெனியிடம் கேளுங்கள். குடும்பத்தை முதல் வருடமே கூட்டிவர வேண்டாம், அதனால் பள்ளிக்கூடப் பேச்சு இப்போதைக்கு இல்லை. முதல் கேள்விக்கு வருகிறேன்.

அனுமதி கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் கஞ்சா ‘பி’ வகுப்பு, ஹெராயின் ‘ஏ’ வகுப்பு. கடத்தல் என்று தீர்ப்பானால் கஞ்சாவுக்கு அதிகபட்சம் 50 ஆண்டு, ஹெராயினுக்கு ஆயுள். முந்தைய சட்டம் இன்னும் கொடுமை, நீதிபதி மனது வைத்தாலும் குறைக்க முடியாத கட்டாயத் தண்டனை அதில் இருந்தது. இப்போது அடிமைப்பட்டவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பவும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாடு. ஹெராயினால் பையன் வீணாய்ப்போன வீடு ஒன்றாவது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதனால் போதை என்றாலே போலீசுக்குக் கை துறுதுறுக்கும்.

கடற்கரையில் புகைவாடை வரும், வராது என்று சொல்லவில்லை. உள்ளூர்ப் பையன் இழுப்பதைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடாதீர்கள். என்ன ஆனாலும் அவனுக்கு அது சொந்த ஊர். உங்களுக்கு இருப்பது முதலாளி வாங்கிக் கொடுத்த ஜி.ஓ.பி என்கிற வேலை அனுமதி. அது போனால் விமானம் ஏற வேண்டியதுதான், அதுவும் சிறைக் கணக்கு முடிந்த பிறகு.

நீங்கள் இழுக்கிற ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவரையும் மாட்டிவிடுவது ஊரிலிருந்து வரும் பொட்டலம்.

2004இல் காரைக்காலிலிருந்து கிளம்பினேன். செஷல்ஸின் பெரிய தீவான மாஹேயில் வேலை என்றதும் அப்பா, “நம்ம மாஹேதானே, ரயிலிலேயே போகலாமே” என்றார். பாண்டிச்சேரி அரசாங்கத்தில் காலம் தள்ளியவர், அவருக்குத் தெரிந்தது கேரளக் கரையில் பாண்டிச்சேரிக்குச் சொந்தமான அந்த மாஹே. கிளம்புகிற அன்று தெருக்கோடி வீட்டு அக்கா துணியில் தைத்த ஒரு மூட்டையைக் கொண்டுவந்து, “தம்பி அங்கதான் இருக்கான், கொடுத்துடு” என்றார். உள்ளே என்ன என்று கேட்கக் கூச்சம். வாங்கிவிட்டேன்.

சுங்கத்தில் கத்தி வைத்துப் பிரித்தார்கள். கருவாடு, நடுவில் ஒரு டப்பாவில் கறுப்பாக லேகியம். மோந்து பார்த்தார்கள், நாயைக் கூப்பிட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, அந்த ஊர்ப் பாஷையான கிரியோல் சுத்தமாகத் தெரியாது. “ஜிஞ்சர், ஜிஞ்சர்” என்று நாலு மணி நேரம் சொன்னேன். ஊரில் சில சித்த மருந்துகளில் கஞ்சா இலை சேர்ப்பதுண்டு, இந்தியச் சட்டமும் இலையை மட்டும் தனியாக விட்டுவைத்திருக்கிறது. அந்த நியாயத்தை அங்கே போய்ப் பேச முடியாது. என் அதிர்ஷ்டம், அது நிஜமாகவே இஞ்சி. டப்பாவைக் கொடுத்துவிட்டு, கருவாட்டைக் குப்பையில் போட்டார்கள்.

அன்றிலிருந்து மச்சான் கொடுத்தால்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பேன். கல்நெஞ்சன் என்று பேர். இருக்கட்டும். வலிமாத்திரை கொண்டுவந்தால் டாக்டர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் ஆட்களிலேயே ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். பத்து வருடம் இருந்தும் கிரியோலில் கத்தரிக்காய் விலை கேட்கத் தெரியாதவர்கள், கோயிலுக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருகிறவர்கள். சட்டம் அவர்களிடம் கேட்காதீர்கள். நான் கிரியோல் கற்றது தலைநகர் விக்டோரியாவின் மார்க்கெட்டில், மீன் விற்கிற ஒரு பாட்டியிடம். தினமும் “கி மன்யேர்?” (எப்படி இருக்கே?) என்பார், நான் திணறுவேன், சிரித்துக்கொண்டே ஒரு மீனைக் கூடப் போடுவார். ஈரப்பலா சாப்பிட்டவன் இந்தத் தீவுக்குத் திரும்பி வருவான் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வாழைக்காய் மாதிரி வறுத்துப் பாருங்கள், பிடித்துப்போகும்.

அப்புறம் அந்த அக்காவின் தம்பி. மூன்று நாள் கழித்து லேகியத்தை வாங்க வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கருவாடு?” என்றார்.