மனநோய் பற்றிய களங்க உணர்வை ஆராய்வதால் நோயாளிக்கு என்ன பயன்?

மனநோய்க்குச் சிகிச்சை இருந்தும் குடும்பங்கள் ஏன் தள்ளிப்போடுகின்றன என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுக்கலாமா, அதனால் நோயாளிக்கு ஏதாவது நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள அக்காவோடு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டை நான் புரிந்துகொண்டதே இத்தகைய ஆய்வுகளைப் படித்த பிறகுதான்.

எங்கள் வீட்டில் யாரும் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நோயின் பெயர் அப்பாவுக்குத் தெரியும். மாத்திரை போட்டால் அக்கா தெளிவாகிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனையை விட்டுவிட்டு, தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படாத தொலைவூருக்கு விடியற்காலை பஸ்ஸில் அழைத்துப் போவார். அம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டு, வெற்று அட்டைகளை அடுப்பில் எரித்துவிடுவார். மருந்துச் சீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும். உறவினர்கள் வந்து தங்கினால் அத்தனை நாளும் மாத்திரை கிடையாது. அவர்கள் ஊர் திரும்பியதும் அக்கா இரவெல்லாம் தூங்காமல் நடக்கத் தொடங்குவாள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இதை அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். மனச்சிதைவு நோய் பற்றி ஆராயும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். தாராவும் டி. என். சீனிவாசனும் 159 மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிப்பவர்களிடம் பேசி, 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பங்களை அதிகம் வாட்டியவை: திருமணம், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், வெளியே தெரியாமல் மறைக்க வேண்டிய கட்டாயம். நோயாளி பெண்ணாக இருந்தால் இந்தக் களங்க உணர்வு, அதாவது நோயால் அவமானம் வந்துவிடும் என்ற எண்ணம், இன்னும் கூடுதல். அப்பா போட்ட கணக்கு அந்தக் கட்டுரையில் அப்படியே இருந்தது. திருமணம் முறிந்த மனச்சிதைவு நோயாளிப் பெண்களைப் பற்றித் தாராவும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் எழுதியதையும் படியுங்கள். சட்டப்படி விவாகரத்தும் இல்லாமல், கணவரிடமிருந்து ஜீவனாம்சமும் இல்லாமல், வயதான பெற்றோரை நம்பி வாழும் பெண்கள் அவர்கள். பெற்றோருக்குப் பிறகு அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை எங்கள் அம்மாவுக்கும் இருந்தது.

இன்னொரு முக்கியமான ஆய்வு பெங்களூருவில் நடந்தது. ஆர். ரகுராமும் மிட்செல் வைஸும் மற்றவர்களும் 80 நோயாளிகளிடம் பேசி 1996இல் வெளியிட்டது. மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமுள்ளவர்களிடம் களங்க உணர்வும் அதிகமாக இருந்தது. உடல் உபாதைகளை அதிகம் சொன்னவர்களிடம் அது குறைவு. உடம்பு வலி எல்லோருக்கும் வருவதுதானே, அதை வெளியே சொல்லலாம். நெஞ்சு படபடக்கிறது, கை கால் குடைகிறது என்று பொது மருத்துவரிடம் வந்து உட்காருபவர்களில் எத்தனை பேருக்கு மனச்சோர்வு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2015–16இல் 12 மாநிலங்களில் எடுக்கப்பட்ட தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சிகிச்சை பெறாதவர்களின் விகிதம் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது.

ஆய்வோடு நிற்காமல் சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோன முயற்சியும் உண்டு. 2010இல் ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. பஸ்ஸுக்குள் நோயாளி உட்கார்ந்து சென்னையில் இருக்கும் மருத்துவரோடு காணொலியில் பேசலாம். மருந்தையும் அங்கேயே இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் மாறி மாறிப் போக வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் இது இல்லையே என்று எனக்கு இன்னமும் ஏக்கம் உண்டு.

உங்கள் ஆய்வுக்கு என் தரப்பிலிருந்து சில வேண்டுகோள்கள். பெற்றோரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உடன்பிறந்தவர்களையும், குறிப்பாகத் திருமணமாகாத தங்கைகளையும் தம்பிகளையும் கேளுங்கள். நோயாளியைத் தனியாகப் பேச விடுங்கள். என் அக்காவிடம் அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்டதே இல்லை. நேர்காணலை வீட்டில் வைக்க வேண்டாம், புதிதாக ஓர் ஆள் வாசலில் நின்றாலே தெருவில் விசாரிப்பார்கள். ஒப்புதல் படிவத்தில் 'மனநோய்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் அதையும் அவர்கள் அடுப்பில்தான் போடுவார்கள். பேசி முடித்த பிறகு உதவி கேட்பவர்களுக்குக் கொடுக்க அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்: 14416. கட்டணமில்லை, இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.