கனடா சத்தம்

கேள்வி: என் மகன் எந்நேரமும் கனடா இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) பாட்டுகளைக் கேட்கிறான். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாக இருக்கிறது. அப்படி என்னதான் அதில்?
- தெம்பனிஸ் வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஒரே சத்தம் இல்லைங்க, ஊருக்கு ஊர் வேறு. மாண்ட்ரியலின் ஆர்கேட் ஃபயர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரோடு வயலின், அக்கார்டியன் எல்லாம் சேர, 'வேக் அப்' பாட்டில் வார்த்தையே இல்லாமல் 'ஓ...' என்று மொத்தக் குழுவும் தொண்டை கிழியப் பாடும், தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் வரும் கூட்டம் சேர்ந்து குரல் கொடுக்குமே, கிட்டத்தட்ட அந்த வேகம். 2011இல் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியின் சிறந்த ஆல்பம் விருதும் வாங்கிவிட்டார்கள்.

அதே ஊரின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பெரர் குழுவுக்குப் பாடகரே கிடையாது. 2000இல் வந்த இரட்டை ஆல்பத்தில் மொத்தம் நாலே உருப்படி, ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம். தெம்பனிசில் ரயில் ஏறும்போது ஒன்றைப் போட்டால், ரயில் பாய லேபார் நிலையம் தாண்டியும் இசை ஓடிக்கொண்டிருக்கும். மெதுவாக ஒரு வயலின் ஆரம்பித்து, அப்புறம் இரண்டு டிரம்ஸும் சேர்ந்து இடிக்கும்போது எனக்குப் புல்லரிக்கும், என் மனைவிக்குத் தலைவலி.

டொராண்டோவின் புரோக்கன் சோஷியல் சீன் கூட்டுக் குடும்பம் மாதிரி, சில சமயம் மேடையில் பத்துப் பேருக்கு மேல் நிற்பார்கள். சரி, மகனிடம் ஒரு பக்க இயர்ஃபோனைக் கேட்டு வாங்குங்கள், முதலில் 'வேக் அப்' போடச் சொல்லுங்கள்.