ரிஸ்பாள் விரித்த இரட்டு

அன்புள்ள அண்ணா,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

என் அண்ணனை 2008 கடைசியில் புலிகள் இயக்கம் வீட்டில் வந்து கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது. 2009 மே மாதம் வட்டுவாகலில் அவன் ஆமியிடம் சரணடைந்ததை அம்மா தன் கண்ணால் கண்டவர். பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியதில் இருந்து அம்மா முடிந்த நாளெல்லாம் அங்கே போய் இருக்கிறார். எங்கள் சபைப் போதகருக்கு இது பிடிக்கவில்லை. "பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லியிருக்க, ரோட்டில் போய் இருப்பது அவிசுவாசம்" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். கோயில் வாசலில் இருப்பது அவருக்கு இன்னும் கஷ்டம். அம்மா அன்றோடு சபைக்குப் போவதை விட்டுவிட்டார்.

இரண்டாவது, எங்கள் காணி. அப்பாவுக்கு அரசாங்கத்தின் படித்த வாலிபர் திட்டத்தில் பெர்மிட்டில் (அரச காணி அனுமதிப்பத்திரத்தில்) கிடைத்தது. அதன் ஓரத்தில் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. மிளகாய்க் கன்றுக்குப் புல்லுப் பிடுங்க வந்தவர்கள்; இப்போது மூன்றாம் தலைமுறை. கனடாவில் இருக்கும் சித்தப்பா அவர்களை எழுப்பிவிட்டுக் காணியை விற்கச் சொல்கிறார். அப்பா வாயே திறக்கிறார் இல்லை.

கடவுள் நீதியுள்ளவர் என்றால் ஏன் இத்தனை வருஷம் பேசாமல் இருக்கிறார்? நீதியாக வாழ்வது என்றால் ஒரு கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும்?

ச.


அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு கிழமை மேசையில் வைத்திருந்தேன். ஏன் பேசாமல் இருக்கிறார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆபகூக் தீர்க்கதரிசி அதையேதான் கேட்டுக்கொண்டு தன் புத்தகத்தைத் தொடங்குகிறார்: "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!" இப்படிக் கேட்டதற்காக யாரும் அவரை அவிசுவாசி என்று சபையை விட்டுத் தள்ளவில்லை. வேதாகமத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் போதகரை எனக்குத் தெரியாது, ஆளை விடுவோம். அவர் சொன்ன வசனம் ரோமர் 12இல் இருக்கிறது. தீமைக்குத் தீமை செய்யாதே என்று கையை ஓங்குகிறவனுக்குச் சொன்னது. மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை எங்கே?" என்று கேட்கிற தாய் யாரைப் பழிவாங்குகிறார்? அவர் கேட்பது ஒரு பதில். பதில் கேட்பதும் பழிவாங்குவதும் ஒன்று என்று எங்கள் சபைகளில் எப்போது படிப்பிக்கத் தொடங்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

போதகர்கள் அதிகம் பிரசங்கிக்காத ஒரு அதிகாரம் உண்டு, இரண்டாம் சாமுவேல் 21. தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து பஞ்சம். காரணம் கேட்டபோது, முந்தைய ராஜாவான சவுல் கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழி என்று தெரிகிறது. தாவீது கிபியோனியரைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்கிறார். சவுலின் வம்சத்தில் ஏழு பேரைத் தா என்கிறார்கள். தாவீது கொடுக்கிறார். ஏழு பேரையும் மலையில் தூக்கிப் போடுகிறார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் என்ற பெண்ணின் பிள்ளைகள். தகப்பன் செய்ததற்கு அவர்கள் என்ன பொறுப்பு என்று யாரும் விசாரித்ததாக எழுதப்படவில்லை.

ரிஸ்பாள் ஒரு இரட்டுத் துணியை (சாக்குத் துணியை) எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் விரித்து உட்கார்கிறாள். பகலில் பறவை அண்டவிடாமல், இரவில் மிருகம் அண்டவிடாமல் பிள்ளைகளின் உடல்களுக்குக் காவல் இருக்கிறாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கிய நாளில் இருந்து வானத்தில் இருந்து மழை விழும் வரைக்கும். அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு எங்கள் சித்திரையை ஒட்டி வரும். மழை தொடங்குவது ஐப்பசியை ஒட்டி, எங்கள் காலபோக மழை மாதிரியே. எத்தனை மாதம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அவள் ஒரு வார்த்தை பேசியதாக அந்த அதிகாரத்தில் இல்லை. இருந்தாள், அவ்வளவுதான்.

செய்தி ராஜாவின் காதுக்குப் போகிறது. தாவீது எழும்பிப் போய், முன்பு யுத்தத்தில் செத்த சவுல், யோனத்தான் இரண்டு பேரின் எலும்புகளையும் வாங்கிக்கொண்டு வருகிறார். மலையில் கிடந்தவர்களின் எலும்புகளையும் பொறுக்கி எடுக்கிறார்கள். அடக்கம் நடக்கிறது. தேவன் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கேட்டருளினார் என்ற வரி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏழு பேரைக் கொன்ற உடனே அந்த வரி வரவில்லை, கவனித்தீர்களா? சரிக்குச் சரி கணக்குத் தீர்த்தபோது வானம் திறந்ததாக எழுதவில்லை. ஒரு தாய் எழும்பமாட்டேன் என்று இருந்து, அதனால் ராஜா வெட்கப்பட்டு, எலும்புகளுக்கு மரியாதை செய்த பிறகுதான் எழுதியிருக்கிறது. நான் வாசித்த விதம் இது. இறையியல் படித்தவர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம். ஆனால் அந்தக் கதையில் கடவுளின் நீதி எந்தப் பக்கம் நிற்கிறது என்று என்னைக் கேட்டால், இரட்டு விரித்த பாறைப் பக்கம் என்றுதான் சொல்வேன். உங்கள் அம்மா கந்தசுவாமி கோயில் வாசலில் பாய் விரித்து இருக்கிறார். கோயில் முருகனுடையது என்பதால் கர்த்தருக்கு அந்த ரோட்டில் அலுவல் இல்லை என்று ஆகிவிடுமா?

மோசேயின் சட்டத்திலும் ஒரு இடம், உபாகமம் 21. வெளியில் ஒரு பிணம் கிடந்து, கொன்றவன் யார் என்று தெரியாவிட்டால், மூப்பர்கள் புறப்பட்டுப் போய்ப் பிணம் கிடக்கும் இடத்தில் இருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்க வேண்டும். கிட்ட இருக்கிற ஊர் பொறுப்பு. அந்த ஊர் மூப்பர்கள் கை கழுவி, நாங்கள் கொல்லவில்லை, எங்கள் கண்கள் காணவும் இல்லை என்று கர்த்தருக்கு முன்னால் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள், எலும்புகள் வந்தன. அடுத்த வருஷம் வரை தோண்டி 52 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். அங்கே தூரம் அளந்து பார்த்தால் எந்த ஊருக்குக் கிட்ட வரும் என்று யோசித்திருக்கிறேன். எங்கள் எல்லோருக்கும் கிட்டத்தான் வரும். உங்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மாவின் கேள்வி பஸ்ஸில் ஏற்றியவர்களிடம் தொடங்குகிறது, அங்கேயே முடியவில்லை. இதைச் சொன்னால் இரண்டு பக்கத்தாலும் ஏச்சு விழும். விழட்டும்.

ரோட்டில் இருப்பது அவிசுவாசம் என்றால், மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையை எதில் சேர்ப்பது? 2011 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் அவர் ஒரு கணக்கை எடுத்து வைத்தார். கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், கணக்குப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். யுத்தம் முடியும்வரை அரசாங்கப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே? நான் கண்ட பத்திரிகைகள் கடைசி எண்ணைத்தான் எழுதின. எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் கழித்துப் பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற கணக்கு. அதை ஒரு ஆயர் ஆணைக்குழுவின் முன்னால் செய்து காட்ட வேண்டியிருந்தது. அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு தானும் போனவர். அவரைப் பற்றியும் இன்றுவரை பதில் இல்லை. உங்கள் அம்மா சபையை விட்டு வெளியே போகவில்லை தம்பி. இவர்களோடுதான் இருக்கிறார்.

இனிக் காணி. இதில் உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகக் கதைக்கப் போகிறேன், கோபிக்காதீர்கள்.

அதற்கு முதல் என் வீட்டுக் கதை. எங்களுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல். சிறுபோகத்தில் எல்லா ஏக்கரும் செய்யத் தண்ணீர் காணாது. கூட்டம் வைத்துப் பங்கு பிரிப்பார்கள், தண்ணீர் முறை வைத்து வரும். அப்பா சபையில் மூப்பர். எனக்குப் பத்து வயது இருக்கும், ஒரு சனிக்கிழமை இரவு ரோச் லைற் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். கீழே மூன்று வயலுக்குப் போகிற தண்ணீரை மறித்து எங்கள் பக்கம் திருப்பினார். விடிந்ததும் தண்ணீர் முறையைப் பார்க்கிற வட்டவிதானை வந்து கேட்டார். "நண்டு துளைச்சு வரம்பு உடைஞ்சிருக்கும்" என்றார் அப்பா. பிறகு குளித்து, வேட்டி கட்டி, ஆராதனையில் முதல் வாங்கில் நின்று பாடினார். குரல் நல்ல குரல்.

"நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரக்கடவது" என்று ஆமோஸில் வாசிக்கும்போது எனக்கு அந்த ரோச் லைற் வெளிச்சம்தான் ஞாபகம் வரும். ஆமோஸ் காட்டத்திப் பழம் பொறுக்கியவன், மந்தை மேய்த்தவன். அவன் நாட்டு ஆறுகளில் பல, கோடையில் எங்கள் கனகராயன் ஆறு மாதிரி வெறும் மணல். அதனால்தான் 'வற்றாத' என்று கேட்கிறான். அதற்கு முந்தைய வசனத்தில், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தர் சொல்கிறார். எங்கள் அப்பாவின் பாட்டும் அதில் அடக்கம்.

நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதை உங்களுக்குத் தெரியும். ராஜாவுக்குப் பக்கத்துக் காணி வேண்டியிருந்தது, பொய்ச்சாட்சி வைத்துச் சொந்தக்காரனைக் கல்லெறிந்து கொன்று எடுத்தார்கள். 2017இல் கேப்பாப்புலவுச் சனங்கள் படைமுகாமுக்கு முன்னால் தங்கள் காணிக்காக இருந்தபோது இந்தக் கதையை எல்லோரும் சொன்னோம், நானும் எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன். ஆனால் அந்தக் கதையில் நாங்கள் எப்போதும் நாபோத்தாகவே நிற்கிறோம். உங்கள் சித்தப்பாவின் தொலைபேசி அழைப்பில் நாபோத் யார்?

விசுவமடுவில், முத்தையன்கட்டில் மிளகாயும் வெங்காயமும் விலைபோன காலத்தில் அந்தக் காசின் பின்னால் யாருடைய முதுகு இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 77இல் அடிவாங்கி வந்தவர்களுக்கு வன்னி அடைக்கலம் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்லுவோம். கொடுத்தது உண்மை. ஓரத்தில் ஒரு குடில் போட இடமும் கொடுத்தோம், பெர்மிட் மட்டும் கொடுக்கவில்லை. "தோட்டக்காட்டான்" என்று மலையகத்தவரை இழிவாகச் சொல்லும் சொல்லை எங்கள் சபை வாசலிலேயே கேட்டிருக்கிறேன். ஷெல் விழுந்தபோது அவர்களும் நாங்களும் ஒரே பங்கருக்குள் இருந்தோம். மீள்குடியேற்றத்தில் வீட்டுத்திட்டம் வந்தபோது, காணிக்குக் காகிதம் இல்லாதவனுக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு.

லேவியராகமம் 25இல் இப்படி இருக்கிறது: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்; நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்." புறக்குடி என்று நாங்கள் அடுத்தவனைச் சொல்லிப் பழகிவிட்டோம். பெர்மிட் வைத்திருக்கிற உங்கள் அப்பாவும் கனடாச் சித்தப்பாவும் இந்த வசனத்தின்படி அதில்தான் அடக்கம்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காணிப் பிரச்சினையைச் சரியாகச் செய்தால்தான் அண்ணனுக்குப் பதில் கேட்க உங்களுக்கு உரிமை என்று நான் சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொன்னால் நம்பவும் வேண்டாம். அம்மாவின் கேள்வி அப்பாவின் காணியில் தங்கியிருக்கவில்லை. நீங்கள் ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினீர்கள். எழுதும்போது உங்களுக்கே ஏதோ உறுத்தியிருக்கிறது, அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

நடைமுறைக்கு வருவோம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் இருந்து இருக்கிறது. பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. ஆகவே சித்தப்பா நினைப்பதுபோல ஆள் பிடித்து எழுதி முடிக்கிற வேலை இது இல்லை. இதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். அப்பா பின்னுரித்து, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, யாருடைய பெயரில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். சித்தப்பாவின் பெயர் அதில் இல்லாவிட்டால் அவர் கதைப்பதற்கு இடமே இல்லை. பிறகு அந்தக் குடும்பத்தில் பெரியவரையும் கூட்டிக்கொண்டு கிராம சேவையாளரிடம் போங்கள். அவர்கள் இருக்கிற துண்டைப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறதா, இல்லாவிட்டால் அடுத்த காணிக் கச்சேரியில் (அரச காணி பங்கிடும் கூட்டத்தில்) அவர்களுக்கு வேறு இடம் கேட்கலாமா என்று கேளுங்கள். நீங்கள் கூடப் போனால் கதிரை போட்டு இருத்திக் கதைப்பார்கள். அவர் தனியாகப் போனால் நிற்க வைத்துத்தான் கதைப்பார்கள், அது உங்களுக்கும் தெரியும். அப்பா வாய் திறக்காதது விற்கச் சம்மதம் என்பதால் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் தம்பியிடம் இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறார் போல. அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அடுத்த மாதம் கிளிநொச்சிப் பக்கம் வருவேன். அம்மா எந்த நாளில் அங்கே இருப்பார் என்று எழுதுங்கள், வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா